அடுத்த டாக்டரிடம் சொல்லாதே

ஸ்பிரிட் வாடை எங்கே வந்தாலும் முதலில் திரும்பிப் பார்ப்பது என் இடுப்பு. மூக்கு அப்புறம்தான். கல்யாண வீட்டில் பெட்ரோமாக்ஸ் விளக்கைச் சூடேற்ற ஸ்பிரிட் ஊற்றுவார்கள். பந்தியில் எல்லோரும் பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் இடது இடுப்பில் ஒரு தசை சுருண்டு எழுந்து உட்காரும். ஊசிக்குப் பயந்து அப்படிச் செய்கிறது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஊசி இல்லை. ஊசிக்கு முன்னால் ஒரு நாற்காலி, நாற்காலிக்கு எதிரே ஒரு மேஜை, மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு புது டாக்டர். ‘இதுக்கு முன்னாடி யாருகிட்டயாவது காட்டுனீங்களா?’ என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே கிடந்த சந்தில்தான் என் இளமையில் ஒரு பெரிய துண்டு கழிந்தது.

அறுபதுகளின் பின்பாதி. கல்யாணமாகிக் கானாடுகாத்தானுக்கு வந்திருந்தேன். முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் இறங்கினால் அடுத்த தெருவே வந்துவிடும் வீடு. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம்: பிள்ளைக்குக் கல்யாணமானதும் அதே வீட்டுக்குள் வேறு வைத்துவிடுவார்கள். கூரை ஒன்று, அரிசி தனி, பருப்பு தனி, விறகு தனி, அடுப்பும் தனி. என் மாமனார், என் வீட்டுக்காரரின் அண்ணன் தம்பிமார், அவர்கள் பெண்டாட்டிகள் என்று இரண்டாம் கட்டு முற்றத்தைச் சுற்றி வரிசையாக அடுப்புகள். ஆகவே அந்த வீட்டில் எந்த மருமகளும் காய்ச்சலை ஒளித்து வைக்க முடியாது. எவள் அடுப்பு புகையவில்லையோ அவளுக்கு உடம்பு சரியில்லை.

என் அடுப்பு காலையில் புகையும், சாயங்காலம் புகையாது. அதுதான் சிக்கல்.

காலையில் நன்றாக இருப்பேன். குளித்து, கோலம் போட்டு, குழம்பு கூட்டி, நாலு வரி எழுதிக்கூடப் பார்ப்பேன். வெயில் சாயச் சாய உள்ளே ஒரு குளிர் புறப்படும். முதுகுத்தண்டின் அடியில் யாரோ ஆணி அடித்து அதில் ஈரத்துணியைத் தொங்கவிட்ட மாதிரி ஒரு பாரம். முட்டி, தோள், விரல்கணு என்று வலி இடம் மாறிக்கொண்டே இருக்கும், வாடகை கொடுக்காமல் ஓடுகிறவனைப் போல. பிறகு வேர்க்கும். சாதாரண வேர்வை இல்லை, நனைந்த வைக்கோலின் வாடை. ஒரு மாதம் இருக்கும், ஒரு மாதம் காணாமல் போகும், நான் பிழைத்தேன் என்று நினைக்கிற அன்று திரும்பி வந்து நிற்கும்.

மூத்த ஓரகத்தி என் அடுப்பைக் கடந்து போகும்போது சொல்வாள்:

“காலையில மகராசி, சாயந்தரம் நோயாளியா? காச்சலுக்குக்கூட வெளக்கு வைக்கிற நேரம் தெரியுதே ஆச்சி!”

“அதுக்கு ஒங்கள மாதிரியே நேரம் தவறாத பழக்கம் அக்கா” என்பேன். அவள் சிரித்துவிட்டு ஒரு கிண்ணம் ரசத்தை என் பக்கம் தள்ளிவிட்டுப் போவாள். ரசத்துக்காக அவளை மன்னிக்கலாம். பேச்சுக்காக ரசத்தை வேண்டாம் என்றும் சொல்லலாம். பசித்த நாள்களில் மன்னித்தேன்.

நோய்க்குப் பெயர் கிடைத்தது வேறு ஊரில். என் அண்ணன் வடக்கே ஒரு ஊரில் பாங்கு வேலையில் இருந்தார். அண்ணியின் பிரசவத்துக்கு ஒத்தாசையாகப் போயிருந்தேன். போன இடத்தில் படுத்துவிட்டேன். அண்ணி காட்டும் மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா இருந்தார். அவருடைய தமிழ் பிரசங்க மேடையிலிருந்து நேரே இறங்கி வந்தது மாதிரி இருக்கும். அதுவரை பார்த்த வைத்தியர்கள் எல்லாம் நாக்கை நீட்டச் சொன்னார்கள். இவர் ஒருவர்தான் அந்த நாக்கில் என்ன பட்டது என்று கேட்டார்.

“நீங்கள் என்ன பால் அருந்துகிறீர்கள்?”

“ஆட்டுப்பால்.”

“காய்ச்சியா?”

“இல்ல, பச்சையா.”

என் அம்மா சீரோடு சீராக ஒரு ஆட்டையும் அனுப்பியிருந்தாள். வெள்ளிச்சாமான், பித்தளை, மரவை, பாய், தடுக்கு, கூடவே ஒரு கறுப்பு ஆடு. நான் எலும்பும் தோலுமாக இருந்தேனாம். கறந்த சூட்டோடு நுரை அடங்கும் முன் குடித்தால்தான் உடம்பில் ஒட்டும், காய்ச்சினால் சத்து செத்துவிடும் என்பது எங்கள் பிறந்த வீட்டுச் சட்டம். என் வீட்டுக்காரருக்கு ஆட்டுப்பால் வாடை ஆகாது. அவர் பிழைத்தார்.

“அந்த ஆடு குட்டி ஈன்றதா?” என்றார் டாக்டரம்மா.

“ரெண்டு தடவ கலைஞ்சு போச்சு.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. ரத்தம் எடுத்து எங்கோ அனுப்பினார். பதில் வந்ததும் என்னை உட்கார வைத்து ஒரு பெயரைச் சொன்னார். ப்ருசெல்லோசிஸ். ஆட்டிடமிருந்து, மாட்டிடமிருந்து, பச்சைப் பால் வழியாக வருவது. அலை மாதிரி வந்து வந்து போகும் காய்ச்சல். சாகடிக்காது, நிம்மதியாக வாழவும் விடாது.

எனக்கு அழுகை வந்தது. பயத்தில் இல்லை. என் சாயங்காலங்களுக்கு ஒரு பெயர் இருந்தது, அது நடிப்பு இல்லை, சோம்பல் இல்லை, புகுந்த வீட்டின் மேல் மனத்தாங்கல் இல்லை. ஒருத்தி தன் நோயின் பெயரைக் கேட்டு ஆனந்தப்படுவாள் என்றால் அதுவரை அவளை என்னவெல்லாம் சொல்லியிருப்பார்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

காப்ஸ்யூலும் தினம் ஓர் ஊசியும் ஆரம்பித்தார்கள். சில நாளில் காதுக்குள் ஒரு வண்டு புகுந்தது. ரீங்காரம். எழுந்தால் தரை சாய்ந்தது. டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் ஊசியின் அளவைக் குறைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: “இந்த மருந்து உங்கள் காதைத் தொடுகிறது. இனி எந்த வைத்தியரிடம் போனாலும் இரண்டையும் முதலில் சொல்லுங்கள். நோயையும், காதையும். மறைக்காதீர்கள்.”

மருந்து முடியும் முன் மாமனார் கார் அனுப்பிவிட்டார். என் வீட்டுக்காரருக்கு இரண்டு தங்கைகள். மூத்தவளைப் பார்க்க வருகிறார்கள், வீட்டில் ஒரு மருமகள் குறைந்தால் நன்றாக இருக்காது. மீதி ஊசியை இங்கே கம்பவுண்டரைக் கூப்பிட்டுப் போட்டுக்கொள்ளலாமே என்றேன். மாமனார் சிரித்தார். அந்த ஊசி அப்போது காச நோய்க்குப் போடும் ஊசி. எங்கள் பக்கத்தில் அதன் பெயர் தெரியாதவர்கள்கூட அதன் பாட்டிலை அடையாளம் காண்பார்கள்.

“பொண்ணு பாக்க வர்ற வீட்டுக்குள்ள அந்த ஊசியா? ஊரு ஒன்னைய ஒண்ணுஞ் சொல்லாது ஆத்தா, எம் பொண்ணச் சொல்லும். இப்பத்தான் நல்லாருக்கியே!”

நன்றாகத்தான் இருந்தேன். அந்த நோயின் குணமே அதுதான். ஊசி நின்றது. கல்யாணம் நடந்தது. அம்மாவுக்கு ஆட்டைப் பற்றிச் சொல்லி அனுப்பினேன். ‘நீ குடிச்சு வளந்த ஆட்டு வம்சம்டி அது’ என்று கோபித்துக்கொண்டு மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அவளுக்கு மகளைவிட ஆட்டின் மானம் பெரிதாகத் தெரிந்தது என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அடுத்த வருடம் காய்ச்சல் திரும்பி வந்தது. தன் வீட்டுக்குத் தானே வருகிறவனின் உரிமையோடு. டாக்டரம்மா அதற்குள் தன் நாட்டுக்குப் போய்விட்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் காரைக்குடியில் பெயர் பெற்ற ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். பள்ளத்தூர், கோட்டையூர் என்று பஸ் நின்று நின்று போனது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான் அந்தப் பெயரை நாக்கில் உருட்டிப் பார்த்துக்கொண்டேன், பிசகாமல் சொல்ல வேண்டுமே என்று. டாக்டரம்மா சொன்னபடியே செய்தேன். உட்கார்ந்ததும் முதல் வேலையாக நோயைச் சொன்னேன்.

டாக்டர் என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

“யாரு சொன்னா?”

“ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில” என்றார் இவர், திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி.

“அது சீமையில வர்ற வியாதி. நம்மூர்ல ஏது?”

“ஆடு நம்மூர்லயும் இருக்கே டாக்டர்” என்றேன்.

அப்போது என்னைப் பார்த்தார். சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். குழந்தை பெரிய வார்த்தை பேசினால் சிரிக்கிற சிரிப்பு. கெட்ட சிரிப்பாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“ஆச்சி நெறையப் படிப்பாகளோ?” இது என் வீட்டுக்காரரிடம்.

“கொஞ்சம் எழுதவும் செய்வா.”

“அதான பாத்தேன்.” ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுக்கவே இல்லை. “மனசுதான் காரணம். ஒரு புள்ள பொறந்தா எல்லாஞ் சரியாயிரும்.”

காது விஷயத்தை நான் சொல்லவே இல்லை. சொல்லுமுன் சீட்டு எழுதி முடித்துவிட்டார். ரோஸ் நிறத்தில் ஒரு மாத்திரை. தூங்கினேன். காய்ச்சல் என் பக்கத்தில் உட்கார்ந்து விழித்துக்கொண்டிருந்தது.

இங்கேதான் என் மாமனார் மறுபடி வருகிறார். கெட்டவர் இல்லை. பர்மாவுக்கு, எங்கள் பேச்சில் சொன்னால் ‘கொண்டுவிக்க’, போய்த் தொழில் நடத்தி, எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பியவர். அவரிடம் மிஞ்சியது ஒன்று: வைரம் பார்க்கும் கண். எங்கள் வீடுகளில் தோட்டுக்கோ மூக்குத்திக்கோ வைரம் வாங்கும்போது கல்லை ஒருவரிடம் மட்டும் காட்டி முடிவு செய்ய மாட்டார்கள். பார்க்கத் தெரிந்த இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியாகக் கொடுப்பார்கள். முதல் ஆள் சொன்னதை இரண்டாவது ஆளிடம் மூச்சுவிடக் கூடாது. கல்லில் கரும்புள்ளி இருந்தால் அவனவன் தானாகக் கண்டு சொல்லட்டும். மூன்று வாயிலிருந்தும் ஒரே சொல் வந்தால் அதுதான் நிஜம்.

அந்தச் சட்டத்தை அவர் என் மேல் வைத்தார்.

“நீ மொதல்லயே பேரச் சொன்னதுதான் தப்பு ஆத்தா. சொல்லிட்டா அடுத்தவன் ரெண்டுல ஒண்ணு செய்வான். ஒண்ணு, ஆமாஞ்சாமி போட்டுருவான். இல்ல, வீம்புக்கு இல்லம்பான். ரெண்டும் பார்வை ஆகாது. மதுரையில பெரிய டாக்டர் ஒருத்தர் இருக்காரு. அவருகிட்ட வாயத் தெறக்காதே. அவரு கண்டு சொல்லட்டும்.”

“வைரத்துக்கு வலிக்காது மாமா.”

“என்ன சொல்றே?”

“கல்ல எத்தன பேருகிட்டயும் குடுத்துப் பாக்கலாம். அவுக பாத்து முடிக்கிற வரைக்கும் அது சும்மா இருக்கும். என்னால சும்மா இருக்க முடியலையே.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். “வலிக்குங்கிறதுக்காகச் சரக்கப் பாக்காம வாங்க முடியுமா?”

என் வீட்டுக்காரர் அப்பாவுக்குப் பரிந்து குறுக்கே வந்தார். “அப்பச்சி சொல்றதுலயும் ஞாயம் இருக்குல்ல? ஒரு தடவ சொல்லிப் பாத்தோம். தூக்க மாத்திரதான் கெடச்சுது.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அதைவிட மோசமாக ஒன்று வந்தது. சந்தேகம். ஒருவேளை மாமனார் சொல்வது சரிதானோ? அந்தப் பெயரை நான் ஒரு நகை மாதிரி அணிந்துகொண்டுவிட்டேனோ? என் கவிதை புத்தி அதைப் பிடித்து ஊட்டி வளர்க்கிறதோ? யாரோ ஒருத்தர், என் வாயிலிருந்து எதுவும் வாங்காமல், என் எலும்பைத் தட்டிப் பார்த்து, அதே பெயரைத் தானாகச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அந்த ஆசையை மறைக்க மாட்டேன். நம்பப்படாதவளுக்கு வரும் ஆசை அது. தன் சொல்லைத் தானே இன்னொருவர் வாயிலிருந்து கேட்கும் ஆசை.

சரி, வாயைத் திறக்கவில்லை என்றேன்.

மதுரை டாக்டரின் அறையில் மாமனார் என் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பெஞ்சில். இவர் சுவரோரம். கேள்வி எனக்கு வரும், பதில் மாமனாரிடமிருந்து போகும்.

“எத்தனை நாளா காய்ச்சல்?”

“கொஞ்ச நாளா.”

“முன்னாடி ஏதாவது வைத்தியம்?”

“வீட்டு வைத்தியந்தான்.”

“ஊசி ஏதும் போட்டிருக்கா?”

“இல்லைங்க.”

இல்லைங்க. ஒரு சொல். என் இடுப்பில் அத்தனை ஊசித் தழும்பையும் ஒரே சொல்லால் துடைத்துவிட்டார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் முருகன் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கென்ன.

படம் எடுத்தார்கள். டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் முதுகெலும்பு சாம்பல் நிறத்தில் ஆடியது. ஓரிடத்தில் எலி கடித்த மாதிரி ஒரு குறை. எனக்கே தெரிந்தது. அதைப் பார்த்தபோது நெஞ்சு நிமிர்ந்தது என்றால் நம்புவீர்களா? மனசு என்றாரே காரைக்குடி டாக்டர், மனசு படத்தில் விழுமா?

“எலும்பு டி.பி. மாதிரி தெரியுது” என்றார் டாக்டர். “தாமதிக்க வேண்டாம். இன்னைக்கே ஊசி ஆரம்பிச்சிரலாம்.” ஊசியின் பெயரைச் சொன்னார். அதே ஊசி. காதில் வண்டு விட்ட ஊசி.

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்தே வரும். டி.பி. என்ற சொல் விழுந்ததும் மாமனாரின் முகம் வெளுத்தது. இளைய மகளுக்கு அப்போதுதான் ஜாதகம் பொருந்தியிருந்தது. நாற்காலியின் நுனிக்கு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார், கடைசி விலை கேட்கிறவர் மாதிரி.

“வேற ஏதாச்சும் இருக்குமா டாக்டர்? இந்த... ஆட்டுலேர்ந்து வர்ற காச்சல்னு ஒண்ணு இருக்காமே? அதுவா இருக்குமோ?”

டாக்டர் படத்தைக் கீழே இறக்கினார். “அதை யார் உங்களுக்குச் சொன்னது?”

“சும்மா... கேள்விப்பட்டதுதான்.”

கேள்விப்பட்டது! என் சாயங்காலங்கள், என் வைக்கோல் வாடை, டாக்டரம்மா பேனா வைத்த சத்தம் எல்லாம் இவர் சந்தையில் காதில் விழுந்த பேச்சாகிவிட்டது. சொல்லக்கூடாது என்று பூட்டியவரே தனக்குத் தேவை வந்ததும் பூட்டைத் திறந்து, என் நோயை எடுத்து, மகள் கல்யாணத்துக்கு முட்டுக் கொடுக்கிறார். அதற்குள் நர்ஸ் ஸ்பிரிட் பஞ்சோடு வந்து என் பக்கத்தில் நின்றாள். வாடை வந்தது. இடுப்பு சுருண்டது.

எழுந்தேன்.

“டாக்டர், நான் சொல்றேன். இது என் ஒடம்பு, இவுக சரக்கு இல்ல.”

“ஆத்தா!” என்றார் மாமனார்.

“நீங்க உக்காருங்க மாமா.” அவர் உட்கார்ந்துதான் இருந்தார். இருந்தாலும் சொன்னேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஆடு, பச்சைப் பால், கலைந்த கரு, ரத்தப் பரிசோதனை, பெயர், பாதியில் நின்ற மருந்து. காதைச் சொன்னேன். இந்த ஊசி போட்டால் எனக்குத் தரை சாயும் என்றேன். காரைக்குடியில் சொன்னதையும், அதற்குக் கிடைத்த ரோஸ் மாத்திரையையும்கூட விடவில்லை. மூச்சு வாங்கியது. நர்ஸ் பஞ்சைப் பிடித்தபடி நின்றாள், அது காய்ந்துகொண்டிருந்தது.

டாக்டருக்குக் கோபம். நியாயமான கோபம். “இவ்வளவு நேரம் ஏன்மா சொல்லலை? ஊசி போட்டிருந்தா?”

“சொன்ன எடத்துல பைத்தியம்னாக. சொல்லாத எடத்துல குத்த வந்தாக. எந்த எடத்துல சொல்லணும்னு நீங்களே சொல்லுங்க டாக்டர். நான் போயி அங்குட்டு ஒக்காந்துக்கிறேன்.”

இவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். பிறகு டாக்டர் நர்ஸைப் பார்த்து, “அதை வச்சிட்டு, ரத்தம் எடுக்க ட்யூப் கொண்டா” என்றார். மாமனாரைப் பார்த்து, “நீங்க கொஞ்சம் பெஞ்சில உக்காருங்க, அவங்க இங்க வரட்டும்” என்றார். நாற்காலி அவருடைய சூட்டோடு இருந்தது. உட்கார்ந்தேன்.

ரத்தம் சென்னைக்குப் போனது. பதில் வந்தபோது தெளிவாக இல்லை. கதையில் என்றால் அது தெளிவாக இருந்திருக்கும். மதுரை டாக்டர் மழுப்பாமல் சொன்னார்: “இதை மட்டும் வச்சு ஆமாம்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. ஆனா நீங்க சொன்ன ஆட்டையும் இந்தப் படத்தையும் சேர்த்து வச்சுப் பார்த்தா, நான் இதுக்குத்தான் மருந்து குடுப்பேன். ஊசி வேண்டாம். காப்ஸ்யூல் மட்டும். நீண்ட நாள் சாப்பிடணும். வாரம் ஒரு தடவை உங்க பக்கத்து டாக்டர் ஒருத்தர் உங்களைப் பார்க்கணும்.”

நீங்கள் சொன்ன ஆட்டையும். அந்த மூன்று சொல்லுக்காக நான் மதுரைவரை நடந்தே போயிருப்பேன்.

ஆனால் பக்கத்து டாக்டர் என்றால் யார்? காரைக்குடியில் அந்த ஒருவர்தான் எங்கள் வீட்டுக்குப் பழக்கம். மாமனார் வழி சொன்னார், இம்முறை கொஞ்சம் பணிந்த குரலில். “அவருகிட்ட இதெல்லாஞ் சொல்ல வேணாம் ஆத்தா. சத்து மாத்திர சாப்புடுறேன்னு சொல்லு. எடை பாத்து, நாடி பாத்து அனுப்பிருவாரு. அவருக்கும் மனசு நோகாது, நமக்கும் வேல ஆகும்.”

“அவரு மனசு நோகாம இருக்க நான் என்னத்துக்கு மாமா சத்து மாத்திர ஆகணும்?”

“பிடிவாதம்” என்றார்.

“ஆமா மாமா.”

மறுபடி சொல்வதா வேண்டாமா என்ற அதே முடிவு, அதே நாற்காலி, அதே மேஜை. இந்த முறை ஒன்று மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது: நான் சொன்னால் என்ன நடக்கும் என்பது என் கையில் இல்லை. சொல்வது என் கையில். சொல்லாமல் விட்டால் இரண்டுமே என் கையில் இல்லை. காரைக்குடிக்குப் போக வேண்டிய அன்று சாப்பாட்டுக்குப் பிறகு இவர் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.

“நீங்க வரவேணாம்” என்றேன்.

“தனியாவா போறே?”

“டாக்டர் ஒங்களத்தான் பாப்பாரு. என்னையப் பாக்கணுமே.”

அவர் சட்டைப் பொத்தானைப் போடுவதா கழற்றுவதா என்று தெரியாமல் நின்றார். பிறகு பஸ் வரும் வரை கூட வந்து நின்றார். ஏறும்போது என் கையிலிருந்த காப்ஸ்யூல் பாட்டிலை வாங்கி, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். அவரால் முடிந்த வீரம் அது. நான் அதைக் குறைத்து மதிப்பதில்லை.

முதல் முறையாகத் தனியாகப் பஸ்ஸில் போனேன். ஜன்னல் காற்றில் சேலை படபடத்தது. காய்ச்சல் இல்லை. வெயில் இருந்தது, என் மேல் வெளியிலிருந்து பட்ட வெயில்.

காரைக்குடி டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். என் பின்னால் ஆள் வருகிறதா என்று தேடினார். வரவில்லை.

“என்ன ஆச்சி, தனியா வந்திருக்கீக?”

“எனக்குத்தான டாக்டர் காச்சல்.”

பாட்டிலை மேஜையில் வைத்தேன். படத்தை வைத்தேன். பெயரைச் சொன்னேன், பிசகாமல். மதுரை டாக்டர் சொன்னதைச் சொன்னேன். ரத்தப் பரிசோதனை தெளிவாக இல்லை என்பதையும் நானே சொன்னேன், அவர் கண்டுபிடித்து என்னை மடக்க வேண்டாம் என்று.

“தெளிவா இல்லேங்கிறீகளே.”

“ஆமா. நீங்க அன்னைக்கு ரொம்பத் தெளிவா இருந்தீக. அதுக்கு இது மேல்.”

அவர் முகம் சிவந்தது. எழுந்து போகச் சொல்வார் என்று நினைத்தேன். சொன்னால் போவேன், அடுத்த வாரம் மறுபடி வருவேன் என்றும் நினைத்தேன். அவர் படத்தை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார். நெடுநேரம் பிடித்திருந்தார். வெளியே பெஞ்சில் யாரோ ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது. பிறகு ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்தார். முதுகைத் தட்டிப் பார்த்தார். நான் ‘ஸ்’ என்ற இடத்தில் கையை நிறுத்தி, மறுபடி மெல்ல அழுத்தினார். வயிற்றில் மண்ணீரல் இருக்கும் பக்கம் தொட்டார். காதுகிட்டே கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்து கேட்கிறதா என்றார். கேட்டது, கொஞ்சம் தூரத்திலிருந்து. அதையும் சொன்னேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் அதற்காகப் போகவில்லை. சீட்டில் ஏதோ எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். வாசல்வரை நான் போனபின் கூப்பிட்டார்.

“ஆச்சி.”

திரும்பினேன்.

“நான் இந்த வியாதிய இதுவரைக்கும் பாத்ததே இல்ல.”

“இப்பப் பாத்துட்டீக டாக்டர். அடுத்த வாரமும் வாரேன். நல்லாப் பாத்து வைங்க.”